போட்டுக் கேட்காத பதிவு

திங்கட்கிழமை, காலை எட்டே முக்கால்.

மேனேஜர் சாவி போட்டுச் சோதனை அறையைத் திறந்தார். "நீ முதல்ல போம்மா" என்று ஒதுங்கி நின்றார். பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிற அந்த அலுவலகத்தில் அவர் யாருக்கும் வழிவிட்டு நின்றதாகச் சரித்திரம் இல்லை. அதைப் பற்றி அப்போது யோசிக்க, காது என்று எல்லாரும் கூப்பிடுகிற அந்தப் பெண்ணுக்கு நேரம் இல்லாமல் போயிற்று. உள்ளே இரண்டாவது மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் டீச்சர் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் அடி. பக்கத்தில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய கனமான காந்தம் ஒன்று, துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி சுத்தமாகக் கிடந்தது. சுவர்க் கடிகாரம் மட்டும் எதுவும் நடக்காததுபோல டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

காது என்பது அவள் பெயர் இல்லை. ஆனால் டீச்சர் வைத்த பட்டம் அது, அதுவே நிலைத்துவிட்டது. டீச்சர் ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தவர். பிறகு இந்த அலுவலகத்தைத் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்று உலகத்துக்கே திறந்துவிடப்பட்ட இயங்குதளம் ஒன்று இருக்கிறது. அதில் எந்த சவுண்ட் கார்டு, அதாவது கம்ப்யூட்டருக்குள் ஒலியைக் கவனிக்கிற அட்டை, ஒழுங்காக ஓடும், எது மக்கர் பண்ணும் என்று சோதித்துச் சொல்வதுதான் இங்கே வேலை. கார்டு செய்கிற கம்பெனிகள் அந்த இயங்குதளத்துக்காக மெனக்கெடுவதில்லை. அதனால் இரண்டுக்கும் நடுவே நின்று பேசுகிற டிரைவர் என்ற நிரலை வேறு யாராவது எழுத வேண்டும். இங்கே எழுதுகிறவன் காதின் தம்பி. சோதிக்கிறவள் காது. தேறிய கார்டுக்குப் பச்சை ஸ்டிக்கர், தேறாததற்குச் சிவப்பு.

அந்தக் கடிகாரத்தையும் டீச்சர் வேண்டுமென்றேதான் மாட்டினார். பதிவு சரியாக வருகிறதா என்று பார்க்க எந்நேரமும் ஒருத்தர் மைக் முன்னால் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று கத்திக்கொண்டிருக்க முடியாது. பேச ஆள் இல்லாதபோது கடிகாரம் பேசும். கடைசியில் டீச்சருக்காகப் பேசியதும் அதுதான். ஆனால் அதற்குப் புதன்கிழமை வரவேண்டியிருந்தது.

இன்ஸ்பெக்டர் பத்து மணிக்கு வந்தார். சத்தம் போடாத மனிதர்; கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறவர். சனிக்கிழமை மாலை நான்குக்கும் எட்டுக்கும் நடுவில் சாவு என்று டாக்டர் சொன்னார். அறைக் கதவு இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும்; வெளியிலிருந்து திறக்கத்தான் சாவி வேண்டும். இரண்டே சாவிகள், ஒன்று டீச்சரின் கைப்பையில், இன்னொன்று மேனேஜரிடம். மேனேஜர் ஐந்தரைக்குக் கிளம்பியதை வாட்ச்மேன் பார்த்திருந்தார். ஆறு மணிக்கு முன்பே அவர் ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு ஹோட்டலில் வாடிக்கையாளர்களோடு உட்கார்ந்திருந்தார். ஆறு மணிக்குத் தம்பி உள்ளே போனதையும், கால் மணி நேரத்தில் திரும்பியதையும் அதே வாட்ச்மேன் பார்த்திருந்தார். அவ்வளவு போதாதா?

போதாது என்று யாராவது நினைத்தால் அதற்கும் மேனேஜர் வழி வைத்திருந்தார்.

"புது கார்டு மாட்டின மெஷின்ல ஒரு ரெக்கார்டிங் டெஸ்ட் போட்டுட்டுத்தான் சனிக்கிழமை கிளம்பினேன் சார். சத்தம் கேட்டா தானா பதிவாகும். ஏதாவது மாட்டியிருக்கான்னு பாருங்களேன்."

மாட்டியிருந்தது. ஆறு பத்துக்குப் பதிவானதாக ஒரு கோப்பு. இன்ஸ்பெக்டர் அதைத் தன் லேப்டாப்புக்கு எடுத்துக்கொண்டார். மெஷினுக்கு சீல் வைத்தார். பிறகு குரல்களை அடையாளம் காட்டக் காதைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். தம்பியின் குரல் பளிங்கு மாதிரித் தெளிவாக இருந்தது.

"இதை இப்படியே வெளிய விட்டா நான் சும்மா இருக்க மாட்டேன் டீச்சர். அப்புறம் என்ன நடக்கும்னு எனக்கே தெரியாது."

"கத்தாதே. வெளியே போ" என்றார் டீச்சர். பிறகு பேச்சு இல்லை. கடிகாரம் மட்டும் கொஞ்ச நேரம் அடித்தது.

குரல்கள் அவர்களுடையவைதான் என்று காது ஒப்புக்கொண்டாள். அந்தச் சண்டை நடந்தது உண்மை. நடந்த நாள்தான் பொய். அது வியாழக்கிழமை நடந்தது. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போதே தம்பி அவளிடம் சொல்லிப் புலம்பியிருந்தான். புது கார்டுக்கு அவன் எழுதிய டிரைவரில் பாட்டு ஒலிக்கிற பகுதிதான் முடிந்திருந்தது, குரலைப் பதிகிற பகுதி பாதியில் நின்றது. காது அந்த வாரம் வெளியூர் வேலையில் இருந்து இரவுதான் வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். மேனேஜர் புதன்கிழமை அவள் இடத்தில் உட்கார்ந்து, இரண்டு பகுதிக்கும் சேர்த்துப் பச்சை ஒட்டிவிட்டார். வெளியே விடக்கூடாது என்று தம்பி சொன்னது அந்தக் கார்டைத்தான். டீச்சர் அவனை விரட்டினாரே தவிர, அடுத்த நாளே காதுக்குப் போன் செய்தார். திங்கட்கிழமை வந்ததும் அந்தக் கார்டைக் கேட்டுப் பார்க்கச் சொன்னார். இந்தத் தடவையும் பச்சை பொய் என்றால் மேனேஜரை அனுப்பிவிடுவதாகவும், சனிக்கிழமையே அவரிடம் அதைச் சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.

எல்லாவற்றையும் காது கொட்டித் தீர்த்தாள். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"வியாழக்கிழமைன்னு யார் சொன்னது?"

"தம்பி."

"டீச்சர் போன்ல சொன்னதை வேற யார் கேட்டாங்க?"

"நான் மட்டும்தான்."

"நீங்க அவனோட அக்கா. நான் நம்பலாம்மா, கோர்ட்டு நம்பாது. யாருக்கும் அக்கா இல்லாத ஒரு சாட்சி இருந்தா கொண்டு வாங்க."

பிற்பகல் தம்பியை அழைத்துப் போனார்கள். கையைப் பிடித்துக் கூடத்தின் நடுவே நடத்திக்கொண்டு போனபோது எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். மேனேஜர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"அப்பன் ஜெயிலுக்குப் போன குடும்பம்தானே. ரத்தம் எங்க போகும்? நான் டீச்சர்கிட்ட அன்னைக்கே சொன்னேன்."

அப்பா ஜெயிலுக்குப் போனது ஒரு அடிதடிக் கேஸில், அவர்கள் சிறுவர்களாக இருந்தபோது. அம்மா அந்தப் பேச்சுக்குப் பயந்தே மூன்று வீடு மாறினாள். தம்பி திரும்பி அக்காவைப் பார்த்தான். அந்தப் பார்வையைக் காது வாங்கி அப்படியே உள்ளே வைத்துக்கொண்டாள். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். அக்கா உடையவனைச் சீண்டினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அதை மேனேஜருக்குத் தானே சொல்லிக் கொடுப்பதென்று அவள் அங்கேயே முடிவு செய்தாள்.

அதே நாள், மாலை ஆறரை. வீடு.

கம்பெனி அனுப்பியது இரண்டு கார்டுகள். ஒன்று அலுவலக மெஷினில். இன்னொன்று டிரைவர் எழுதுவதற்காகத் தம்பியின் மெஷினில், சாப்பாட்டு மேஜை மேலேயே இருந்தது. டீச்சர் கடைசியாகச் சொன்ன வேலை பாக்கி இருக்கிறதே என்றுதான் காது உட்கார்ந்தாள். வேறு எந்த யோசனையும் அப்போது இல்லை. மைக்கைச் செருகினாள். பதிவைத் தொடங்கினாள். திரையில் ஒலியின் அளவைக் காட்டுகிற மீட்டர் குதித்து ஆடியது. பாதிச் சோதனைக்காரர்கள் இந்த இடத்திலேயே பச்சை ஒட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள். மீட்டர் ஆடினால் பதிவாகிறது என்று அர்த்தம் அவர்களுக்கு. டீச்சரிடம் படித்தவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். பதிந்ததைத் திரும்பப் போட்டு, முழுக்கக் கேட்ட பிறகுதான் ஸ்டிக்கரைத் தொடுவார்கள்.

காது போட்டுக் கேட்டாள்.

"ஒ...ண்ணு... ரெ...ண்டு..." என்று ஒரு தடித்த ஆள் தூக்கக் கலக்கத்தில் எண்ணினான். அது அவளுடைய குரல்!

இன்னொரு முறை பதிந்தாள். அதே ஆள் வந்தான். அந்தக் கோப்பை வேறு மெஷினில் போட்டாள். அங்கேயும் அவனே வந்தான். கார்டு குரலை வேகமாக வாங்கிக்கொள்கிறது; எழுதி முடிக்காத டிரைவரோ அதை நிதானமாக வாங்கியதாகக் குறித்து வைக்கிறது. அதனால் திரும்பப் போடும்போது எல்லாமே இழுத்துக்கொண்டு, தடித்துப் போய் வருகிறது. மீட்டரைப் பார்த்தால் இது தெரியாது. கேட்டால் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அப்போதுதான் பளிங்கு மாதிரி ஒலித்த தம்பியின் குரல் அவள் நினைவுக்கு வந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அது நல்ல சிரிப்பு இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை லாக்கப்பில் தம்பியைப் பார்த்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரே ராத்திரியில் பத்து வயது ஏறி நின்றான். டீச்சர் போனிலிருந்து ஐந்தரைக்கு ஒரு மெசேஜ் வந்ததாகவும், ஆறு மணிக்கு வரச் சொல்லியிருந்ததாகவும், போய்க் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியதாகவும் மறுபடி சொன்னான். அவள் அதையெல்லாம் கேட்க வரவில்லை.

"அழாதேடா. ரெண்டே கேள்வி. ஆபீஸ் மெஷின்ல இருக்கிறது வீட்ல இருக்கிற அதே டிரைவர்தானே?"

"அதேதான். புதன்கிழமை குடுத்தேன். அப்புறம் என்னைத் தொடவே விடலையேக்கா."

"வியாழக்கிழமை நீ கத்தினப்போ அந்த ரூம்ல யார் யார் இருந்தீங்க?"

"நான், டீச்சர், மேனேஜர். அவர் ஒண்ணும் பேசலை. போனை மேஜை மேல கவுத்து வச்சுட்டு வேடிக்கை பார்த்துட்டு இருந்தார்."

"போதும். நல்லா சாப்பிடு."

அங்கிருந்து நேரே இன்ஸ்பெக்டரிடம் போனாள். புதன்கிழமை சோதனை அறையில் அத்தனை பேரையும் கூட்டி, எல்லார் முன்னாலும் மெஷினின் சீலை உடைக்க வேண்டும் என்று கேட்டாள். கண்டுபிடித்தது என்ன என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"இப்பவே என்கிட்ட சொன்னா உங்க தம்பி ஒரு நாள் முன்னாடி வெளிய வரலாமே?"

"ஒரு நாள் பொறுத்துக்குவான் சார். மேனேஜர் எல்லார் முன்னாலயும்தான் பேசினார்."

புதன்கிழமை, காலை பதினொன்று.

சுவரோரம் எல்லாரும் நின்றார்கள். டீச்சர் விழுந்த இடத்தை யாரும் மிதிக்கவில்லை. மேனேஜர் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் சீலை உடைத்தார். கார்டின் விளிம்பில் பச்சை ஸ்டிக்கர் பளபளத்தது. காது கைகட்டி நின்று, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள் மாதிரிப் பணிவாகக் கேட்டாள்.

"சார், இந்தக் கார்டோட ரெக்கார்டிங்கை டெஸ்ட் பண்ணினது யாரு?"

"நான்தான். போன புதன்கிழமை."

"போட்டுக் கேட்டீங்களா?"

"இது என்ன கேள்வி? இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். கேட்காம ஒட்டுவேனா?"

"குரல் எப்படி இருந்துச்சு?"

"கண்ணாடி மாதிரி. உன் தம்பி குரலைத்தான் எல்லாரும் கேட்டாங்களே, அதைவிட என்ன வேணும்?"

"அதுக்கப்புறம் யாராவது இதுல கை வச்சிருக்கலாமோ?"

"யாரும் தொடலை. டெஸ்ட் போட்டது நான். சீல் வச்சது போலீஸ். நடுவுல உன் தம்பிதான் வந்தான், கொல்ல."

நுணலும் தன் வாயால் கெடும். காது அவரைக் கேள்வி கேட்டுக் கேட்டு முழுசாகக் கத்த விட்டாள். பிறகு இன்ஸ்பெக்டரை மைக் அருகே அழைத்து, அவர் பெயரையும் பதவியையும் சொல்லச் சொன்னாள். சொன்னார். அந்தக் கோப்பைப் பென்டிரைவில் எடுத்து அவருடைய லேப்டாப்பிலேயே போட்டாள். சத்தம் கேட்டு மெஷினில் பதிவு தானாகவே மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. அதை அவள் நிறுத்தவில்லை.

லேப்டாப்பிலிருந்து ஓர் எருமை தன் பெயரையும் பதவியையும் நிதானமாகச் சொன்னது. யாரோ ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குப் பாதி புரிந்துவிட்டது.

"இந்த மெஷின்ல எது பதிஞ்சாலும் இப்படித்தான் சார் வரும்" என்றாள் காது. "இப்ப தம்பியோட கோப்பைப் போடுங்க. குரலைக் கேட்காதீங்க, கடைசியில வர்ற கடிகாரத்தைக் கேளுங்க. சுவர்ல ஓடுற கடிகாரத்தையும் சேர்த்துக் கேளுங்க."

போட்டார். சண்டை முடிந்தது. பதிவுக்குள் கடிகாரம் அடித்தது. சுவரில் அதே கடிகாரம் அடித்தது. இரண்டும் கைகோத்த இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே வேகத்தில் கடைசிவரை நடந்தன. பிறகு காது, இன்ஸ்பெக்டர் பேசிய கோப்பின் கடைசிப் பகுதியைப் போட்டாள். அதிலும் கடிகாரம் இருந்தது. ஆனால் அது ஒவ்வொரு அடிக்கும் பின்தங்கியது, நொண்டியது. சுவர்க் கடிகாரம் அதை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது.

காது கையை நீட்டிச் சுவரைக் காட்டினாள்.

"யாருக்கும் அக்கா இல்லாத சாட்சி கேட்டீங்களே சார். அதோ சுவர்ல இருக்கு."

பிறகு அவள் ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். சண்டை நடந்தது இந்த அறையில்தான், குரல்களும் உண்மை. ஆனால் அதைப் பதிந்தது இந்த மெஷின் இல்லை. மேஜை மேல் கவிழ்த்து வைத்திருந்த ஒரு போன், வியாழக்கிழமை. அதில் வேண்டிய துண்டை மட்டும் வெட்டி, சனிக்கிழமை இந்த மெஷினுக்குள் போட்டிருக்கிறார்கள். கோப்பின் மேல் ஆறு பத்து என்று நேரம் எழுதுவது இந்த இயங்குதளத்தில் ஒரு வரிக் கட்டளை, கடிதத்தின் மேல் நாளைய தேதியை எழுதுகிற மாதிரி. தனக்கு எதிராகத் தானே சாட்சி தயாரித்து வைக்கத் தம்பிக்குப் பைத்தியம் இல்லை. அந்தப் பதிவால் ஒரே ஒரு லாபம்தான்: செத்துப்போன டீச்சரை ஆறு பத்துவரை உயிரோடு வைத்திருக்கலாம். ஆறு பத்துக்கு டீச்சர் உயிரோடு இருந்தாக வேண்டியது யாருக்கு? ஆறு மணிக்கு முன்பே ஹோட்டலில் போய் நாலு பேர் கண்ணில் பட்ட ஆளுக்கு.

"சனிக்கிழமை டீச்சர் உங்களைக் கூப்பிட்டு, இந்தப் பச்சையும் பொய்யா இருந்தா வேலையை விட்டுப் போகணும்னு சொன்னாங்க" என்றாள் காது. அவள் குரல் ஏறவே இல்லை. "போட்டுக் கேட்காம பச்சை ஒட்டுற ஆள் வேண்டாம்னு சொன்னாங்க. இருபது வருஷப் பேர் போயிடும்னு காந்தத்தை எடுத்தீங்க. அப்புறம் அவங்க போன்லயே தம்பிக்கு மெசேஜ் போட்டு, பூட்டிட்டுக் கிளம்பினீங்க. திங்கட்கிழமை என்னை முதல்ல உள்ள அனுப்பினீங்களே, அது எதுக்கு சார்? கண்டுபிடிச்சது நானா இருக்கணும்னா?"

"இவ உளறுறா" என்றார் மேனேஜர். "கார்டு அப்புறம் கெட்டுப்போயிருக்கும். நான் கேட்டப்போ..."

"வீட்ல இன்னொரு கார்டு இருக்கு சார், அதே டிரைவரோட. அதுலயும் எருமைதான் வருது. இது கெட்டுப்போன கார்டு இல்லை. நீங்க கேட்கவே இல்லை."

"அந்தப் போன்" என்று கையை நீட்டினார் இன்ஸ்பெக்டர்.

மேனேஜரின் கை தன்னையறியாமல் சட்டைப் பையை மூடியது. வியாழக்கிழமைப் பதிவை அவர் அழித்திருந்தாரோ என்னவோ. அழித்தாலும் திரும்ப எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியும். இரண்டு கான்ஸ்டபிள்கள் அந்தக் கையை விலக்கினார்கள். அதற்குப் பிறகு அவர் பேசியதில் இருபது வருஷம், குழந்தைகள், தெரியாமல் பட்டுவிட்டது, மன்னித்துவிடு என்று எல்லாம் இருந்தது. காது அருகே போய், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி இல்லாமல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்:

"போன புதன்கிழமை ஒரே ஒரு தடவை போட்டுக் கேட்டிருந்தீங்கன்னா, இந்தக் கார்டைத் தொட்டிருக்க மாட்டீங்க. வேற மெஷின்ல அந்தக் கோப்பை வச்சிருப்பீங்க. என் தம்பி உள்ளயே கிடந்திருப்பான். உங்களை மாட்டிவிட்டது நான் இல்லை சார். நீங்க செய்யாத வேலை."

அவரைக் கூடத்தின் நடுவே நடத்திக்கொண்டு போனார்கள். எல்லாரும் பின்னாலேயே வந்து நின்று பார்த்தார்கள். யாருடைய அப்பாவைப் பற்றியும் யாரும் பேசவில்லை.

அதன்பின் காது பச்சை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுச் சிவப்பு ஒட்டினாள். டீச்சர் சொன்ன வேலை முடிந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கிளம்பும்போது அவள் அவரிடம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாள்: நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்த அந்தக் கடைசிப் பதிவின் நகல். எதற்கு என்று கேட்டார். சோதனைக்கு என்றாள்.

மறுநாள் சாயங்காலம் தம்பி குளித்துவிட்டு வந்து சாப்பாட்டு மேஜை முன் உட்கார்ந்தபோது, அக்கா அதைத்தான் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். மேனேஜர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். தடித்த குரலில், ஒவ்வொரு சொல்லாக, முடிவே இல்லாமல் இழுத்து இழுத்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார். நேரில் கெஞ்சியதைவிட நீளமாகவே இருந்தது.

தம்பி கொஞ்ச நேரம் கேட்டான். தொழில் புத்தி விடவில்லை. கை தானாகக் கீபோர்டுக்குப் போயிற்று.

"ரொம்ப இழுக்குதேக்கா. ஒரு நிமிஷத்துல வேகத்தைச் சரி பண்ணிடறேன்."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ டிரைவரைச் சரி பண்ணுடா. இது இப்படியே இருக்கட்டும்."